அத்தியாயம் 6: நேரம் தவறிய வயிறு

நாற்பதைத் தாண்டியவர்களின் வயிற்றுக் கோளாறும் களைப்பும்

மலாக்காவில் பால்மரத்தின் கதை புக்கிட் லிந்தாங்கில் தொடங்குகிறது. 1896-இல் தான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் அங்கே 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். இரண்டு ஆண்டு கழித்து புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் போட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக நட்ட முதல் பால்மரங்கள் அவைதாம். நம் பாட்டன் பாட்டிமார் அப்படிப்பட்ட தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தபோது, அவர்களுடைய நாளுக்கு ஒரு மணி கட்டப்பட்டது. விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பிறகு மரம் சீவுவது, பால் எடுப்பது, ஸ்டோரில் நிறுத்துக் கொடுப்பது. நடுப்பகல் தாண்டி வீட்டில் சோறு. பொழுது சாய்ந்ததும் இரவுச் சாப்பாடு. சீக்கிரமே லயத்தில் விளக்கு அணைந்துவிடும்.

அந்தக் காலத்தை நான் புகழவில்லை. வேலை கொடியது, கூலி சொற்பம், மலேரியாவும் கொக்கிப்புழுவும் ஆளைத் தின்றன. ஆனாலும் வயிற்றுக்கு நேரம் தெரிந்திருந்தது.

இன்று மெர்லிமாவ், செலண்டார், தெபோங் பக்கம் போனால் பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனைதான். தோட்டத்துப் பிள்ளைகள் பத்து பெரண்டாம், தஞ்சோங் கிளிங், ஆயர் குரோ தொழிற்பேட்டைகளுக்கு வந்து ஐம்பதை நெருங்கிவிட்டார்கள். ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறுவாரம் இரவு ஷிப்டு, நடுவில் ஓ.டி. பசியாறுவது ஒரு நாள் காலை ஆறுக்கு, மறுநாள் பதினொன்றுக்கு. மதியச் சோறு சில நாள் கிடையாது. இரவுச் சாப்பாடு பத்தரைக்கு மாமாக் கடையில். வீட்டுக் கடன், கார் கடன், மகளின் படிப்புக் கடன், அம்மாவின் டயாலிசிஸ். இத்தனைக்கும் நடுவில் ஒரு நாள் நெஞ்சு கரிக்கத் தொடங்குகிறது. வயிறு ஊதுகிறது. தூங்கி எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்கிறது. ‘கேஸ்ட்ரிக்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறோம்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். தோட்டத்து மணி நின்றுவிட்டது. வயிறு இன்னமும் ஒரு மணிக்காகக் காத்திருக்கிறது. அதை இனி நாமேதான் அடிக்க வேண்டும். ஆனால் வரிசை தவறக் கூடாது. முதலில் ஆபத்து இல்லை என்று உறுதி செய்துகொள்வது, இரண்டாவது பரிசோதனை, மூன்றாவது சாப்பாடும் நேரமும், நான்காவது மனபாரம்.

எவற்றை ‘கேஸ்ட்ரிக்’ என்று சொல்லக் கூடாது

துக்க வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் நம்மில் குறைவு: “ராத்திரி நெஞ்சு கரிக்குதுன்னாரு. ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்தாரு. காலையில எழுந்திரிக்கல.” மாரடைப்பின் வலி நெஞ்சில்தான் வர வேண்டும் என்பதில்லை. மேல்வயிற்றில் எரிச்சலாக, அஜீரணம்போல, வாந்தி வருவதுபோல வரலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் வருவதுண்டு.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 999-ஐ அழையுங்கள், அல்லது மலாக்கா, ஜாசின், அலோர் காஜா மருத்துவமனைகளில் அருகில் இருப்பதன் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம். நோயாளி தானே காரோட்டிப் போவதும் கூடாது.

• நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம். அது தாடை, தோள், இடது கை, முதுகுக்குப் பரவுவது. கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம்.
• நடந்தால், படியேறினால் வரும் எரிச்சல், நின்றதும் அடங்குவது. இது வயிற்றின் குணம் அல்ல, இதயத்தின் குணம். இது ஒன்று மட்டும், இப்போது அடங்கிவிட்டால் 999 இல்லாமல் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஓய்வாக இருக்கும்போதும் வந்தால் அவசரப் பிரிவுதான்.
• இரத்த வாந்தி, அல்லது காப்பித்தூள் நிறத்தில் வாந்தி.
• தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு மலம் போவது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

அடுத்த சில நாளுக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டியவை இவை: காரணமில்லாமல் எடை குறைவது, சோறு விழுங்கும்போது தொண்டையில் நிற்பது, மலத்தில் இரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது வயிற்றுப்போக்கு, தொடர் காய்ச்சல், இரத்தசோகை, குடும்பத்தில் குடல் அல்லது இரைப்பைப் புற்றுநோய். ஐம்பதை ஒட்டி மலப்பழக்கம் முதன்முறையாக மாறினாலும் காட்ட வேண்டும். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முன்பு இல்லாத வயிற்று ஊதல் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் ‘காத்து’ என்று விட்டுவிடாதீர்கள். சூலகத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

இது மனப்பிரமை அல்ல

கிளினிக்கிலிருந்து வந்தவரிடம் மனைவி கேட்பார்: “என்னங்க, டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒன்னும் இல்லையாம்.”

இந்த ‘ஒன்னும் இல்லை’ பலரை நோகடிக்கிறது. ஸ்கோப் போட்டுப் பார்த்தும் புண் இல்லை, இரத்தமும் சரி, ஆனால் வலி இருக்கிறது. அப்படியானால் நான் நடிக்கிறேனா என்று மனசு குமுறுகிறது. புண் இல்லை என்றால் உறுப்பு கெடவில்லை என்றுதான் பொருள். உறுப்பு வேலை செய்யும் விதம் தடம் மாறியிருக்கலாம்.

மனசுக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவைக் கண்ணால் பார்த்த ஒரு டாக்டர் உண்டு. 1822-இல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்தார். ஆனால் இரைப்பைக்கு நேராக ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. அவருக்கு வைத்தியம் பார்த்த வில்லியம் போமோன்ட் அந்தத் துளை வழியே பல ஆண்டுகள் செரிமானத்தைக் கவனித்து, 1833-இல் நூலாக வெளியிட்டார். நோயாளி கோபப்பட்டபோதும் எரிச்சலடைந்தபோதும் இரைப்பையின் உள்தோல் மாறியதையும் செரிமானம் கெட்டதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

காரணம் இன்று தெரியும். உணவுக்குழாய் முதல் ஆசனவாய் வரை குடல் சுவருக்குள் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையோடு அவை ஓயாமல் பேசிக்கொள்கின்றன. பயம், கோபம், கவலை வந்தால் மூளை உடம்பை ஓடவும் சண்டை போடவும் தயார் செய்கிறது. அப்போது இரைப்பை மெதுவாகிறது, சாப்பிட்டது அப்படியே நிற்கிறது. பெருங்குடலோ வேகமெடுக்கிறது. மேலே ஊதலும் ஏப்பமும், கீழே கக்கூசுக்கு ஓட்டமும் ஒரே நாளில் வருவது இதனால்தான். நாள்பட்ட கவலையில் குடல் நரம்புகள் கூர்மையாகிவிடுகின்றன. மற்றவருக்குத் தெரியாத சாதாரண காற்றும் அசைவும் இவருக்கு வலியாகத் தெரிகின்றன. வலி உண்மையானது. அது பிறக்கும் இடம்தான் புண் அல்ல, நரம்பு.

இரைப்பைப் புண்ணுக்கு டென்ஷன்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1982-இல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 2005-இல் நோபெல் பரிசு பெற்றார்கள். இந்தக் கிருமி நம் வீட்டுச் செய்தியும்கூட. மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இது அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது. ஆகவே மேல்வயிற்று எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தால், எல்லாவற்றையும் கவலையின் தலையில் கட்டிவிடாமல் இந்தக் கிருமிக்கான சோதனையைக் கேளுங்கள். மூச்சு, மலம், ஸ்கோப் ஆகிய மூன்று வழியில் சோதிக்கலாம். இருந்தால் இரண்டு வாரம் வரை மருந்து உண்டு. நடுவில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

களைப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது

‘வயசாச்சு’ என்பது நோயின் பெயர் அல்ல. நாற்பதுக்கு மேல் ஒரு மாதத்துக்கும் அதிகமாகக் களைப்பு இருந்தால் சில விஷயங்களைப் பார்த்தே ஆக வேண்டும்.

இனிப்புநீர்: 2019 தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. இந்தியர்களிடம் அது 31.4 விழுக்காடு, ஏறத்தாழ மூவரில் ஒருவர். நாடு முழுவதும் அப்படி இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதை அறியாமலே இருந்தார்கள். களைப்பு, அடிக்கடி சிறுநீர், நா வறட்சி எல்லாம் அதன் வாசல் மணி. பல ஆண்டு கட்டுப்படாத இனிப்புநீர் இரைப்பையின் நரம்பையும் தாக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும்.

இரத்தசோகை: மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்கும் பெண்களுக்கு இரத்தப்போக்கு அதிகமாகி இரும்புச்சத்து வடிந்துவிடும். ஆண்களுக்கு இரத்தசோகை வந்தால் குடலில் எங்காவது கசிகிறதா என்று தேட வேண்டும்.

தைராய்டு: உடம்பு குளிர்வது, மலச்சிக்கல், எடை ஏறுவது, சோர்வு எல்லாம் சேர்ந்தால் ஒரு இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

குறட்டை: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் எட்டு மணி நேரம் படுத்தும் ஓய்வு கிடைக்காது. இதைத் தானே கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.

மனச்சோர்வு: இதற்குக் கடைசியில் வருகிறேன்.

பரிசோதனைக்குப் பணம் இல்லை என்பதால் யாரும் தள்ளிப்போட வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குச் சாதாரண சிகிச்சைக் கட்டணம் ஒரு வெள்ளிதான். அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுபவரும் அவருடைய கணவர் அல்லது மனைவியும் நாற்பது வயதுக்கு மேல் இருந்தால், 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அதில் இரத்தம், சிறுநீரோடு மனநலக் கேள்விகளும் உண்டு. பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டும் நாற்பது வயதுத் தொழிலாளர்களுக்கு 2013 முதல் தனிப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. 50 முதல் 75 வயதுக்காரர்கள் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் சோதனையை அரசாங்க கிளினிக்கில் கேட்டுப் பெறலாம்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

வரிசையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால் பேசக் கிடைப்பது சில நிமிடம். டாக்டருக்குத் தமிழ் தெரியாமல் போகலாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் “வயித்துல காத்துங்கய்யா” என்றாலே அன்று போதுமாக இருந்தது, இங்கே போதாது. இந்த மலாய்ச் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.

• நெஞ்சு கரிக்கிறது: பெடிஹ் உலு ஹாத்தி
• வயிறு ஊதுகிறது: பெருட் கெம்போங்
• வயிற்றுப்போக்கு: சிரிட்-பிரிட்
• மலச்சிக்கல்: செம்பெலிட்
• மலம் கறுப்பாகப் போகிறது: நாஜிஸ் ஹித்தாம்
• நெஞ்சு வலி: சாக்கிட் டாடா
• எப்போதும் களைப்பு: சென்டியாசா லெத்திஹ்
• தூக்கம் வருவதில்லை: சூசா தீடோர்

சொல்லும்போது நான்கு விவரம் இருக்கட்டும்: எப்போது தொடங்கியது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, மலம் போனதும் வலி குறைகிறதா கூடுகிறதா, எடை மாறியதா. அந்த நான்கும் டாக்டருக்குப் பாதி வேலையை முடித்துவிடும்.

வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வயிற்றைக் கெடுப்பது சில சமயம் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும். முட்டி வலிக்கும் முதுகு வலிக்கும் வாங்கிப் போடும் போன்ஸ்தான், வோல்டாரென் போன்றவை இரைப்பையின் உள்தோலைப் புண்ணாக்கக் கூடியவை. செம்பனைக் குலை வெட்டுகிறவர்களும் தொழிற்சாலையில் நின்றே வேலை செய்கிறவர்களும் இவற்றைக் கணக்கில்லாமல் சாப்பிடுகிறார்கள். இனிப்புநீருக்கான மெட்ஃபோர்மின் சிலருக்கு வயிற்றுப்போக்கும் ஊதலும் தரும். நீண்ட காலம் சாப்பிட்டால் பி12 சத்து குறைந்து களைப்பும் வரும். அதற்காக நீங்களே நிறுத்தக் கூடாது. சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுவது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவது, பி12 அளவைப் பார்ப்பது என்று டாக்டரிடம் வழி இருக்கிறது. பாசாரில் விற்கும் ‘ஒரே வாரத்தில் முட்டி வலி போகும்’ சூரணங்களையும் ஜாமுவையும் வாங்காதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மருந்துப் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா பாருங்கள்.

தட்டில் இருப்பது என்ன

காலையில் ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, தே தாரிக். எளிய சாப்பாடுதான். ஆனால் கோதுமை, பருப்பு, வெங்காயம், பூண்டு, பால் என்று குடலில் புளித்துக் காற்று உண்டாக்கும் ஐந்தும் அந்த ஒரே மேசையில் கூடிவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த உணவுமுறை இத்தகைய பொருள்களைச் சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்கிறது. ஆசியர்களில் பெரும்பாலோருக்கு வளர்ந்த பிறகு பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக விட வேண்டாம். அது சத்துக் குறைவில் முடியும். இரண்டு வாரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதல் இரண்டு வாரம் தே தாரிக்குக்குப் பதில் சீனி குறைத்த தே ஓ. அடுத்து ரொட்டி சானாய்க்குப் பதில் இட்லி, இடியாப்பம் அல்லது சோற்றுக் கஞ்சி. வெங்காயத்தையும் பூண்டையும் அரைத்துப் போடாமல் எண்ணெயில் தாளித்து, சக்கையை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் சமைத்தால் மணமும் கிடைக்கும், வயிறும் தாங்கும்; காற்று உண்டாக்கும் பொருள் எண்ணெயில் கரைவதில்லை.

நெஞ்சு கரிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. எண்ணெயில் பொரித்தது, தேங்காய்ப்பால் கெட்டியாக ஊற்றியது, காரச் சம்பல், அசாம் பெடாஸ், கோப்பி, பியர், சம்சு, சிகரெட் எல்லாம் அமிலம் மேலேறுவதைத் தூண்டலாம். எது உங்களுக்கு என்பதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும். மிளகாய் ஒருவருக்கு ஒன்றும் செய்யாது, மற்றவரைப் படுக்க வைத்துவிடும். சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்குள் படுக்காதீர்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கட்டை வைத்து ஆறு அங்குலம் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்குமே தவிரப் பயன் இல்லை. இடப்பக்கமாகச் சாய்ந்து படுங்கள்.

மலச்சிக்கலும் போக்கும் மாறி மாறி வருபவர்களுக்கு இசப்கோல் நல்ல துணை. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, நிறைய தண்ணீரோடு, மெல்ல மெல்ல அளவைக் கூட்டுங்கள். பாட்டி வைத்தியத்தில் சீரகத்தண்ணி, இஞ்சி, மெல்லிய ரசம், நீர்மோர் ஆகியவற்றை ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சேர்க்கலாம். பேதி மருந்து குடித்து ‘வயிற்றைக் கழுவும்’ பழக்கத்தை மட்டும் நடுவயதில் விட்டுவிடுங்கள். உப்பும் நீரும் வடிந்து களைப்புதான் மிஞ்சும்.

விரதத்தைப் பற்றி ஒரு சொல். தைப்பூசமோ, செங் சன்னாசிமலையில் மாசி மகமோ, புரட்டாசிச் சனியோ, வேண்டுதலை யாரும் தடுக்கவில்லை. இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். விரதம் முடிக்கும்போது முதலில் கொஞ்சம், அரை மணி கழித்து மீதி.

மணி அடிக்கும் முறை

குடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பகலில் செரிக்கவும் இரவில் ஓயவும் அது பழகியிருக்கிறது. அதற்குத் தேவை விலை உயர்ந்த உணவு அல்ல, ஒரே நேரம். முன்பின் அரை மணிக்குள் நேரம் நிலைத்தாலே பலருக்கு ஊதல் குறையும்.

தோட்டத்தில் வேலை செய்பவர்: வெறும் கோப்பி ஓவோடு வெளிக்காட்டுக்குப் போகாதீர்கள். கிளம்புமுன் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ போதும். பத்து மணிக்கு வாழைப்பழம். வெயிலில் தண்ணீர் குறைந்தாலே தலைவலியும் களைப்பும் மலச்சிக்கலும் வரும். தாகம் எடுக்குமுன்பே குடியுங்கள்.

பகல் ஷிப்டு, ஏழு முதல் ஏழு வரை: காலை ஆறுக்குப் பசியாறுங்கள். பத்துக்குச் சிறுதீனி, ஒரு மணிக்குச் சோறு. வீடு திரும்பி எட்டுக்குள் இரவுச் சாப்பாடு. அது மதியச் சோற்றைவிடக் குறைவாக இருக்கட்டும். பிறகு பதினைந்து நிமிட நடை. பத்தரைக்கு மேல் படுக்கை.

இரவு ஷிப்டு, ஏழு முதல் ஏழு வரை: மாலை ஐந்தரைக்குச் சோறு, அதுதான் அந்த நாளின் பெரிய சாப்பாடு. நள்ளிரவை ஒட்டிச் சிறிய சாப்பாடு, வீட்டிலிருந்து கொண்டுபோன முட்டை, ரொட்டி, பழம் போல. அதிகாலை ஒன்று முதல் ஐந்து வரை குடல் தூங்கும் நேரம். அப்போது நாசி லெமாக்கும் மீ கோரெங்கும் வேண்டாம். இரண்டு மணிக்குப் பிறகு கோப்பி வேண்டாம். வீடு வந்து கொஞ்சமாகப் பசியாறி, கனத்த திரை போட்ட அறையில் ஒன்பதுக்குள் தூங்குங்கள். மூன்று மணிக்கு எழுந்து லேசாகச் சாப்பிடுங்கள். பகலில் தூங்குபவரை எழுப்பாமல் இருப்பது குடும்பமே சேர்ந்து செய்யும் வைத்தியம்.

கழிப்பறைக்கும் நேரம் உண்டு. பசியாறிய பதினைந்து முதல் முப்பது நிமிடத்தில் பெருங்குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தை அவசரத்துக்குப் பலி கொடுக்காதீர்கள். உட்காரும் கழிப்பறையானால் காலடியில் ஒரு குட்டி முக்காலி வையுங்கள்.

மனபாரத்தை இறக்குவது

கவலைப்படாதே என்று சொல்வது எளிது. கடன்காரன் போன் அடிக்கும்போது எந்த மூச்சுப் பயிற்சியும் நிற்காது. அதனால் கவலையின் காரணத்தையே தொட வேண்டும். கடன் கழுத்தை நெரித்தால் ஆலோங் என்னும் வட்டிக்காரனிடம் போகுமுன் ஏ.கே.பி.கே.-யிடம் போங்கள். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த அமைப்பு அது; இலவசமாக ஆலோசனை சொல்லி, வங்கிகளோடு பேசித் தவணையைத் திருத்தி அமைக்கிறது. படுத்த தாயை ஒரே மகள் பார்த்துக்கொண்டிருந்தால் அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசி வாரத்தில் ஒரு நாளையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். பல பெண்களின் வயிற்று வலி அந்த ஒரு நாள் ஓய்வுக்காகத்தான் அழுகிறது.

உடம்பை அமைதிப்படுத்த ஒரு பயிற்சி. உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுங்கள், வயிறு உயரட்டும். ஆறு எண்ணி விடுங்கள். சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம், படுக்குமுன் பத்து நிமிடம். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து குடலுக்குப் போகும் வேகஸ் நரம்பு வேலை செய்து, ஓட்டத்தை நிறுத்திச் செரிமானத்தைத் தொடங்கச் சொல்கிறது. உதரவிதானம் அசைவதால் அமிலம் மேலேறுவதும் குறைகிறது.

இனி மனச்சோர்வு. இரண்டு கேள்விகளை உங்களையே கேளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் மனசு இருண்டு கிடந்ததா? முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமல் போனதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் கிளினிக்கில் சொல்லுங்கள். 2023 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது, 2019-இல் 2.3 விழுக்காடு. நான்கே ஆண்டில் இரண்டு மடங்கு. நம் ஆண்கள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள், ‘வயிறு சரியில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். வாய் சொல்லாததை வயிறு சொல்கிறது.

டாக்டர் அமித்ரிப்டிலின் போன்ற மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்தால் ‘எனக்குப் பைத்தியமா?’ என்று பயந்து வீசிவிடாதீர்கள். குடல் நரம்பின் கூர்மையைத் தணிக்கவும் அது உதவும். 2023-இல் இங்கிலாந்தில் 463 குடல் எரிச்சல் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் வெற்று மாத்திரையைவிட அது நன்றாக வேலை செய்தது.

உயிரோடு இருப்பதே பாரம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

நான்கு வாரத் திட்டம்

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் நான்கு பத்தி போட்டு எழுதுங்கள்: சாப்பிட்ட நேரமும் பொருளும், வயிறு எப்படி, தூக்கம் எத்தனை மணி, அன்று மனசை உறுத்தியது எது. இதே வாரத்தில் பரிசோதனைக்கு நாள் வாங்குங்கள்.

இரண்டாம் வாரம்: மூன்று வேளைக்கும் நேரம் குறியுங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை விடுங்கள். நேரத்தை மட்டும் பிடியுங்கள். மூச்சுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

மூன்றாம் வாரம்: நோட்டைப் பார்த்து ஒரே ஒரு உணவை மாற்றுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடை.

நான்காம் வாரம்: நான்காவது பத்தியை மட்டும் மறுபடி படியுங்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கவலையைத் தேர்ந்தெடுத்து, அதற்காக ஒரு ஆளைப் பாருங்கள்: ஏ.கே.பி.கே., டாக்டர், அண்ணன், முதலாளி, யாராக இருந்தாலும் சரி.

நான்கு வாரத்தில் எல்லாம் போய்விடாது. நடுவயதில் வந்த வயிற்றுக் கோளாறு சில நாள் அடங்கும், சில நாள் தலை தூக்கும். ஷிப்டு மாறும் வாரத்திலும், மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரத்திலும் திரும்ப வரும். அப்போது தோற்றுவிட்டோம் என்று எண்ணாமல், நோட்டை எடுத்து முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு மாதமாகியும் மாற்றமே இல்லை என்றால் நோட்டோடு மறுபடி டாக்டரிடம் போங்கள்.

நம் ஊரில் இருவர் காலையில் சந்தித்தால் நலம் விசாரிப்பதற்குக் கேட்கும் முதல் கேள்வி, “பசியாறிட்டீங்களா?” என்பதுதான். பெரட்டுக்குப் போகும் வழியில் கேட்ட கேள்வி அது. இன்று இரவு ஷிப்டு முடித்து வருகிறவரைப் பார்த்து வீட்டில் ஒருவர் அதைக் கேட்கட்டும். பதில் ‘இல்லை’ என்றால், அடுப்பில் கஞ்சி இருக்கட்டும்.